இலைக்கு நான் போட்ட கன்னடம்

பெங்களூர் கோர்ட் வாசலில் டைப் மிஷினோடு உட்கார்ந்திருந்த காலத்தில், கஞ்சாச் செடியை வைத்துச் சட்டப்படி தொழில் செய்ய வேண்டும் என்று என்னிடம் வந்தவர் ஒரே ஒருவர்தான். சட்டத்துக்குப் புறம்பாகச் செய்தவர்கள் ஜாமீன் மனு அடிக்க நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். இவர் லைசென்ஸ் கேட்டு மனு அடிக்க வந்தார். தொண்ணூறுகளின் பின்பாதி அது.

கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்துவிட்டு, வயதுக்கு முன்பே விலகி வந்தவர். ஜீவனஹள்ளியில் ஓர் ஓட்டு வீட்டில் மனைவியோடு குடியிருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை ‘டைப் சாரே’ என்பார். ஓயாத இருமல். இருமி முடித்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, “கம்பெனி குடுத்த போனஸ் சாரே” என்பார். ஜனங்கள் வாயில் வந்து விழும் இந்த மாதிரிப் பேச்சுகளை நான் கெட்டுப்போன மனுத் தாள்களின் பின்பக்கம் எழுதி வைப்பேன். அவர் பேசியது மட்டும் நாலைந்து தாள் இருக்கும்.

அப்பாவின் அஸ்தியைக் கரைக்கக் காசிக்குப் போனபோது, அரசாங்கப் பலகை மாட்டிய கடையில் பங்கு என்கிற கஞ்சாச் செடி இலையை விற்பதைப் பார்த்திருக்கிறார். போலீஸ்காரரே வந்து வாங்கிப் போனாராம். அந்தக் கடை எதிரில் அரை நாள் நின்றிருக்கிறார். லேகியம் செய்கிறவர்கள் பெங்களூரில் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த இலை வேண்டும், ஒளித்து மறைத்துத்தான் வரவழைக்கிறார்கள். அதையே வெளிப்படையாகக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன என்பது அவர் யோசனை.

மறைத்துச் செய்கிறவர்கள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள், உங்களுக்கு எதற்கு மனுவும் கினுவும் என்று நான் கேட்டேன்.

“டோக்கன் வாங்காம நான் ஒருநாளும் குழிக்குள்ள இறங்குனதில்ல சாரே. மேல பேர் இருந்தாத்தான் கீழ மாட்டிக்கினா தேடுவாங்க” என்றார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். சட்டம் எல்லாம் அவென்யூ ரோடு நடைபாதையில் பழைய புத்தகம் வாங்கிப் படித்ததுதான். போதைப்பொருள் சட்டத்தையும் அப்படியே வாங்கி, அவருக்காக இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். அதில் கஞ்சா என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருக்கிறது. செடியின் பூத்த நுனியும் காய்த்த நுனியும்தான் கஞ்சா. நுனி சேராமல் வெறும் இலையோ விதையோ இருந்தால் அது கஞ்சா ஆகாது. அது மாநில எக்சைஸ் இலாகாவின் பாடு. அவர்கள் லைசென்ஸ் கொடுத்தால் வைத்துக்கொள்ளலாம்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வக்கீலுக்கே தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டது போல, “பூ இருந்தா ஜெயில், இலை மட்டும் இருந்தா லைசென்ஸ்ணே” என்று அவரிடம் சொன்னேன். அவர் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எங்கே வைப்பீர்கள், என்ன சரக்கு என்று விசாரணைக்கு வருவார்கள், காட்டக் கொஞ்சம் கையில் இருக்கட்டும் என்றும் நான்தான் சொன்னேன். அவர் காசிக் கடையிலிருந்து பில்லோடு இரண்டு மூட்டை வரவழைத்தார்.

மனுவைக் கன்னடத்தில் அடித்தேன். தொண்ணூற்றொன்று காவேரிக் கலாட்டாவின்போது மேசையில் தொங்கிய தமிழ்ப் பலகையைக் கழற்றி, மடித்த சாக்குக்கு அடியில் வைத்தவன் நான். பிறகு அதை மாட்டவே இல்லை. கன்னட மிஷின் ஒன்று வாங்கி, கன்னடப் பலகை மாட்டி, பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக் கேட்டு அடித்துப் பழகினேன். பேச்சுக் கன்னடம் சிறு வயதிலிருந்தே வரும். அதனால் முழுசாகத் தெரியும் என்று நானும் நம்பினேன், மற்றவர்களையும் நம்ப வைத்திருந்தேன்.

அவர் தமிழில் சொன்னது ‘இலை’ என்றுதான். “வெறும் இலைன்னு நல்லா அழுத்திப் போடுங்க சாரே” என்றார். இலைக்குக் கன்னடத்தில் ‘எலெ’. ஆனால் எலெ என்றால் எனக்கு வாழையிலையும் வெற்றிலையும்தான் ஞாபகத்துக்கு வந்தது. அரைத்துச் சாப்பிடுகிற இலை சொப்பு அல்லவா. மார்க்கெட்டில் கீரையை அப்படித்தானே கேட்கிறோம். பங்குக்குப் பங்கி. ஆக ‘பங்கி சொப்பு’ என்று அடித்தேன். மனு முழுக்க ஏழு இடத்தில் வந்தது. அழகாக இருந்தது. கன்னடத்தில் பங்கி சொப்பு என்றால் கஞ்சாவேதான், பச்சையாகக் கஞ்சா, வேறு அர்த்தமே கிடையாது என்பது எனக்குத் தெரியாது. கேஸ் கட்டுகளில் நான் அடித்ததெல்லாம் காஞ்சா என்ற சொல்தான்.

மனு போன பத்தாம் நாள் எக்சைஸ் இலாகாவிலிருந்து நாலு பேர் ஜீவனஹள்ளிக்குப் போனார்கள். விசாரணைக்கு வந்திருக்கிறார்கள் என்று அவர் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, தானே மூட்டையைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பில்லையும் நீட்டியிருக்கிறார். அவர்கள் மனுவை எடுத்துக் காட்டி, நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்றார்களாம். காபி டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள் என்று அவர் மனைவி என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னார். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மனுவின் நகலைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

“எக்சைஸ் கேஸா இருந்தா அன்னைக்கே ஜாமீன்ல வந்திருப்பாரு. போதைப்பொருள் கேஸ்ல வர முடியாது, சட்டமே ஜாமீனுக்குப் பூட்டுப் போட்டு வச்சிருக்கு. பங்கி சொப்புன்னா கஞ்சான்னு இந்த ஊர்ல கடலைக்காய் விக்கிறவனுக்குக்கூடத் தெரியும். யாரு போட்ட வார்த்தை இது?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, அவருக்கு வாய் சும்மா இருக்காது, எதையாவது சொல்லியிருப்பார் என்றார். வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த காகிதக் கனத்தைப் பார்த்தேன். அப்படியே விட்டுவிட்டேன். வாய் திறந்திருந்தால் அரை நிமிஷ வேலை.

அந்த அரை நிமிஷம் ஒன்றே முக்கால் வருஷம் ஆயிற்று. ஜாமீன் இரண்டு தடவை தள்ளுபடி. பரப்பன அக்ரஹாரம் ஜெயிலுக்கு அக்காவோடு மூன்று முறை போயிருக்கிறேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று இளைத்திருந்தார். ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு தடவை இருமினார். என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: “மனுவுக்கு பதில் வந்துச்சா சாரே?” லைசென்ஸ் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். விசாரிக்கிறேன் அண்ணே என்றேன்.

பிறகு எனக்குச் சம்மன் வந்தது. மனுவை அடித்தவன் என்ற முறையில் அரசுத் தரப்புச் சாட்சி. வக்கீலம்மா எனக்கு விளக்கினார். அண்ணன் சொல்லித்தான் அந்த வார்த்தையை அடித்தேன் என்று நான் சொன்னால், அது அவரே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. என் வார்த்தை என்று சொன்னால், கன்னடம் தெரியாமல்தான் இத்தனை வருஷம் மனு அடித்தாயா என்று என்னை நார்நாராகக் கிழிப்பார்கள். எது நடந்ததோ அதைச் சொல்லுங்கள் என்று நிறுத்திக்கொண்டார். அது என் வார்த்தை என்று வக்கீலம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கோர்ட் படிக்கட்டில் அக்காவிடம் சொன்னேன். “அக்கா, அந்த வார்த்தை அண்ணன் சொன்னதில்ல. நான் போட்டது.”

அவர் கையில் இருந்த பன் பொட்டலத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார்.

“எத்தினி நாளா தெரியும் உனக்கு?”

“முதல் நாள் வக்கீலம்மா வீட்லயே.”

“நான் இத்தினி நாளா அந்த மனுசனத் திட்டிக்கினு இருக்கேன், வலைக்கு இந்தப் பக்கம் நின்னுகினு.” பிறகு, “உள்ள போய்ச் சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்” என்று திரும்பிக்கொண்டார்.

உள்ளே போய்ச் சொன்னேன். அண்ணன் சொன்னது இலை, சொப்பு என்று போட்டது நான் என்றேன். அரசு வக்கீல் சிரித்த முகமாகத்தான் கேட்டார், இலைக்குக் கன்னடத்தில் என்ன என்று. எலெ என்றேன். தெரிந்தே மாற்றினாயா என்றார். வாழையிலை, வெற்றிலை, கீரை மார்க்கெட் என்று நான் விளக்க விளக்க, பெஞ்சில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியாக, “நிமகெ கன்னட பருத்தா?” என்றார். கன்னடம் வருமா என்று என்னை அந்த ஊரில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

“கலிதா இதீனி” என்றேன். கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று. அப்போது ஜட்ஜும் சிரித்துவிட்டார். கூண்டில் நின்ற அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வார்த்தை எப்படி வந்தது என்று அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்த வாரமே டைப் அடிக்கும் வரிசையில் எனக்குச் சொப்பு சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கன்னட வேலை ஒவ்வொன்றாக அடுத்த மேசைக்கு நகர்ந்தது.

தீர்ப்பில் அண்ணன் விடுதலை. ஆனால் என் சாட்சியால் இல்லை. மூட்டையில் பூத்த நுனி இருந்ததாக இரசாயனப் பரிசோதனை அறிக்கையில் ஒரு வரிகூட இல்லையாம், அதனால் சந்தேகத்தின் பலன். நான் சொன்னதைப் பற்றித் தீர்ப்பில் ஒரே வாக்கியம்: இந்தச் சாட்சியின் மொழியறிவு நம்பத்தக்கதல்ல. வக்கீலம்மா அதைப் படித்துக் காட்டினார். நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்து ஒரு மாதம் கழித்து அண்ணன் என் மேசைக்கு வந்தார். அக்கா தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தள்ளிப்போய் நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று காத்திருந்தேன். மூச்சு வாங்கி முடிக்கவே நேரம் ஆயிற்று.

“அந்த மனு இன்னும் ஆபீஸ்ல உசுரோட இருக்குது சாரே. பதிலே வரல பாரு. நாளைக்கு எவனாச்சும் எடுத்துப் பார்த்தா மறுபடி வருவான். வாபஸ்னு ஒண்ணு அடிச்சுக் குடு.”

வக்கீலம்மாவிடம் போங்கள் அண்ணே, நான் வேண்டாம் என்றேன். நீதானே போட்டாய், நீயே எடு என்றார், சாதாரணமாக. தாளைச் சொருகினேன். இங்கிலீஷ் மிஷினில்தான். பெயர், விலாசம், மனு போட்ட விவரம் வரை வந்துவிட்டேன். பொருளின் பெயர் வரும் இடத்தில் விரல் நின்றுவிட்டது. என்ன போடட்டும் என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் யோசித்தார். “பேரே வேணாம். ‘மேற்படி பொருள்’னு போட்டுடு.”

அப்படியே அடித்தேன். அவர் கையெழுத்துப் போடும்போது, இரண்டாவது நகலில் பேனா பாதிப் பெயரோடு நின்றுவிட்டது. பரவாயில்லை என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.