ஜி டிரைவில் இருந்த கல்யாணம்

கும்மிடிப்பூண்டியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறேன். எங்கள் முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணப் படங்களை எல்லாம் அவர் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருப்பார். சொருகினால் கம்ப்யூட்டர் அதற்கு ஜி டிரைவ் என்று பெயர் வைக்கும். நாங்களும் "ஜி-ல பாரு" என்றுதான் பேசிக்கொள்வோம்.

இந்த எழுத்துகளை நம்பக் கூடாது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். ஜி என்ற எழுத்து காலியாக இருந்தால், முதலில் வந்து சொருகிக்கொள்வதற்குக் கம்ப்யூட்டர் அதைக் கொடுத்துவிடும்.

அன்று வெள்ளிக்கிழமை. சாமிப் பாட்டுப் போடாமல் அண்ணன் ஒரு வேலையும் தொடமாட்டார். புதுப் பென் டிரைவில் பாட்டு ஏற்றி வந்து, முதலில் அதைச் சொருகினார். வீட்டுக்கு எடுத்துப்போயிருந்த ஹார்ட் டிஸ்க்கை அப்புறம்தான் மாட்டினார்.

ஆல்பத்தைப் பிரிண்ட் போடும் முன் பார்க்க, எளாவூரிலிருந்து மணப்பெண்ணின் அம்மா வந்திருந்தார். கம்ப்யூட்டரில் ஆல்பத்தைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைக் கட்டங்கள், ஒரு படமும் இல்லை.

"இன்னாம்மா இது, அழிஞ்சி பூட்ச்சா?" அவர் குரல் உடைந்துவிட்டது. "தாலி கட்னத மறுபடி எப்டிம்மா எடுப்பீங்க?"

டிரைவ் பட்டியலைத் திறந்தேன். பார்த்தால், ஜி-யில் சாமிப் பாட்டு உட்கார்ந்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு எச் கிடைத்திருக்கிறது. ஆல்பமோ படங்களை இன்னும் ஜி-யில் தேடிக்கொண்டிருக்கிறது.

"ஒண்ணும் அழியலம்மா. அண்ணா, பென் டிரைவ எடுக்கணும்" என்றேன்.

"பாதிப் பாட்டுலயா? வெள்ளிக்கிழம அதுவுமா? முடியட்டும்மா" என்றார் அண்ணன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவள் அழுகிறாள், இவருக்குச் சரணம் முடிய வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ எடும்மா. சாமி கோச்சிக்காது. கோச்சிக்கினா நான் பேசிக்கிறேன்."

பென் டிரைவை எடுத்தேன். பாட்டு நின்றது. ஹார்ட் டிஸ்க்கின் பெயரை மறுபடி ஜி என்று மாற்றினேன். கட்டங்களில் ஒவ்வொன்றாக முகங்கள் வந்தன. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தாலி கட்டும் படங்களில் ஒன்றில் அந்த அம்மாவின் விரல் நின்றது. அதில் பெண்ணுக்குப் பின்னால் அவர் வாய்விட்டு அழுதுகொண்டிருக்கிறார்.

"இத மட்டும் தூக்கிடும்மா" என்றார். "இதப் பாத்தா எம் பொண்ணு மாமியா வூட்ல உக்காந்துகினு அழுவா."

தூக்கிவிட்டு, அந்த இடத்தில் வைக்க அவர் சிரிக்கிற படம் ஒன்று தேடினேன். ஒன்றே ஒன்று இருந்தது, பந்தியில் சம்பந்தியிடம் வம்பளந்துகொண்டிருந்தபோது எடுத்தது.