முகம் தேடிய கேமரா

விமான நிலையத்தில் என்னோடு பெட்டி ஏற்றுகிறவனுக்கு விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் பைத்தியம். நாம் தலையைத் திருப்பினால் திரையில் விமானி பார்க்கும் காட்சியும் திரும்புமாம். அதற்கொரு கருவி வாங்கக் கிளம்பினோம். கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று ஹெட்போனில் மாட்டும் விளக்கு; அதன் ஒளி நகர்வதை வைத்துத் தலையசைவு தெரியும். இன்னொன்று முகத்தைப் பார்த்தே தலையசைவைக் கண்டுபிடிக்கும் கேமரா. சின்ன வயதில் அடுப்பு வெடித்ததில் அவனுக்குப் பாதி முகமும் ஒரு காதும் போய்விட்டன. ஹெட்போன் நிற்காது. "கேமராவே வாங்குடா" என்று சொன்ன மடையன் நான்தான்.

அவன் வீட்டில் மாட்டிப் பார்த்தோம். கழுத்து சுளுக்கும்வரை தலையைத் திருப்பியும் காட்சி அசையவில்லை. அவனுக்குப் பின்னால் சுவரில், போட்டோவில் சீருடையோடு சிரித்துக்கொண்டிருந்த அவன் அண்ணனின் முகத்தைத்தான் கேமரா பிடித்து வைத்திருந்தது. அந்த அண்ணன் நிஜ விமானி.

"அம்மா, இந்தப் போட்டோவைக் கழட்டிடட்டுமா?"

"வேணாம். பார்க்கிற மாதிரி ஒரு மூஞ்சியாவது இந்த ரூம்ல இருக்கட்டும்."

அவன் படத்தைக் கழற்றிக் கட்டிலில் கவிழ்த்துவிட்டு, கேமராவுக்கு நேராக உட்கார்ந்தான். திரையில் எழுத்து வந்தது: 'முகம் எதுவும் இல்லை.'

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அதை நிதானமாகப் படித்தாள். பிறகு படத்தை எடுத்துத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

"இப்பப் போட்டுப் பாரு. வேலை செய்யும்."