நாச்சாள் வீட்டுக் கவுனி அரிசி

நாச்சாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறவர் யார் என்பதோ வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர் நாச்சாளின் கணவர் முத்துக்கருப்பனின் அக்கா, தேவகோட்டை கோமதி ஆச்சி.

கோமதி ஆச்சி இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை விமானம் ஏறி வருவார். வந்த மறுநாள் அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கோழிக் குழம்பில் நாச்சாள் எலுமிச்சை மணக்கும் செராய்ப் புல்லைத் தட்டிப் போட்டால், "இதென்ன, மாட்டுக்குப் போடறத மனுஷனுக்குப் போடறே?" என்பார். பாயசத்தில் வாசனைக்குப் போட்ட பாண்டான் இலை கிடந்தால் கரண்டியால் எடுத்து எல்லோருக்கும் காட்டுவார். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி கோலாலம்பூருக்கு வந்தவள் நாச்சாள். பக்கத்து வீடுகளில் கேட்டும் பார்த்தும் தானாகப் பழகிக்கொண்ட சமையல் அது. அதைக் குறை சொன்னால் அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறும். ஆனால் நாத்தனாரை எதிர்த்து என்ன பேசுவது? அம்மிக்குழவியை வேகமாக உருட்டுவாள். அரைபடுவது எது என்பது முத்துக்கருப்பனுக்குப் புரியும். மெல்ல எழுந்து வாசல் பக்கம் போய்விடுவார்.

எண்பத்தாறில் மகள் இந்திராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பக்கத்து ஊரான கிள்ளான்காரர். செட்டியார் வீட்டுக் கல்யாணப் பந்தியில் கவுனி அரிசி இல்லாமல் முடியாது. கருகருவென்று இருக்கும் ஒட்டரிசி. ஊறவைத்து அவித்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துப் பரிமாறுவார்கள்.

"அரிசிய நான் கொண்டாறேன். நீ ஒண்ணும் பண்ணாதே" என்று கோமதி ஆச்சி முன்கூட்டியே டெலிபோனில் சொல்லிவிட்டார். கொண்டும் வந்தார். சுபாங் விமான நிலையத்தில் மூட்டையைப் பிரித்துப் பார்த்த அதிகாரி, அரிசிக்குள் வண்டு ஊர்வதைக் கண்டு எடுத்து வைத்துக்கொண்டார். ஆச்சி வீடு வந்து சேர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"போச்சுடா தம்பி! கவுனி இல்லாத கல்யாணம்னு ஊரு சிரிக்கும்."

"ஆச்சி, இதுக்கா அழுவுறீங்க?" என்றாள் நாச்சாள். "கிள்ளான் பாசார்ல லத்தீஃபா கடையில மூட்டை மூட்டையா இருக்கு. புலூட் ஹீத்தாம்னு கேட்டா அள்ளிக் குடுப்பாங்க. மலாய்க்காரங்க அதுல கஞ்சி காய்ச்சித் தேங்காப்பால் ஊத்திச் சாப்பிடறாங்க."

"அவங்க சாப்பிடறது வேற. இது நம்ம பாட்டன் பூட்டன் சாப்பிட்டது. நம்ம மண்ணுல வெளஞ்சது."

இங்கேதான் நாச்சாளுக்குப் பொறுமை போனது. அவளைப் பெற்ற ஆத்தா கல்யாணமான புதிதில் பர்மாவின் மோல்மீனில் இருந்தவர். அப்பச்சி என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்கு அங்கே வட்டிக்கடை. காலையில் தலையில் தட்டோடு வரும் பர்மாக்காரியிடம் இலையில் மடித்த கறுப்பு ஒட்டரிசிச் சோறு வாங்கி, எள்ளும் தேங்காயும் தூவித் தின்பார்களாம். ஜப்பான் சண்டை வந்து ஊர் திரும்பிய பிறகும் ஆத்தா வாய்க்கு அந்த ருசி போகவில்லை. சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

"எந்த மண்ணு ஆச்சி?" என்றாள் நாச்சாள். "பர்மாவுலேர்ந்து நம்ம ஆளுங்க கப்பல்ல கொண்டாந்த அரிசி அது. எங்காத்தா சொல்லியிருக்கு."

"ஒங்காத்தா ஆயிரம் சொல்லும்" என்று கோமதி ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று சாப்பிடவும் இல்லை.

வீட்டில் அமைதி வேண்டுமென்று முத்துக்கருப்பன் ஒரு காரியம் செய்தார். யாரிடமும் சொல்லாமல் கிள்ளானுக்குக் காரோட்டிப் போனார். லத்தீஃபாவிடம் அரிசி வாங்கி, மஞ்சள் துணிப்பையில் மாற்றிக் கட்டி, கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"ஏர்போர்ட்ல நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு. பேசி வாங்கிட்டேன் ஆச்சி. வண்டெல்லாம் பொடைச்சாச்சு."

கோமதி ஆச்சி பையை அவிழ்த்து ஒரு கை அள்ளி முகர்ந்தார். "பாத்தியா நாச்சா, வாசனையே வேற. நம்ம மண்ணு."

நாச்சாளுக்கு அரிசியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கணவரை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"என்னங்க இது? உண்மையச் சொன்னவ நான். இப்ப நானும் சேர்ந்து பொய் சொல்லணுமா?"

"கல்யாணம் முடியற வரைக்கும்தானே நாச்சா, விடு."

விட்டாள். ஆனால் அரிசியைக் களைந்து ஊறப்போட்டபோதும், அவித்துக் கிளறியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

கல்யாணத்தன்று பந்தியில் கவுனி அரிசிக்கு நல்ல பேர். கோமதி ஆச்சி இலை இலையாகப் போய், "தேவகோட்டையிலேர்ந்து நான் சுமந்து வந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாச்சாள் அழைத்திருந்த லத்தீஃபா, கடைசிப் பந்தியில் ருசித்துச் சாப்பிட்டு எழுந்து, கை கழுவிவிட்டு நேரே ஆச்சியும் நாச்சாளும் நின்ற இடத்துக்கு வந்தாள்.

"அக்கா, நம்ம கடை அரிசி நல்லா வெந்திருக்கு லா! அண்ணே அவசர அவசரமா வந்து வாங்கிட்டுப் போனாரு. பழைய ஸ்டாக்கோன்னு பயந்துட்டேன்."

கோமதி ஆச்சியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. நாச்சாளைப் பார்த்தார். பிறகு தூரத்தில் சம்பந்தியோடு சிரித்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார். கூடத்து மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இத்தனை வருடம் இந்த மனுஷியை ஒருநாள் வாயடைக்க வைக்க வேண்டும் என்று நினைத்தவள்தான் நாச்சாள். அந்த நாள் வந்தபோது சந்தோஷப்பட முடியவில்லை. அரிசி விஷயத்தில் அவள் சொன்னதுதான் சரி. அது ஆச்சிக்கே தெரிந்தும்விட்டது. ஆனால் ஏமாற்றிய வீட்டுக்காரியாக அல்லவா நிற்கிறாள்! எல்லாம் அந்த மனுஷரால்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆச்சி, அரிசியப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லியிருக்கணும்."

"அரிசி போவுது. என் தம்பி என்கிட்ட பொய் சொல்லிட்டானே" என்றார் ஆச்சி. "நான் அவ்வளவு பொல்லாதவளா?"

ஆமாம் என்ற பதில் நாச்சாளின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "நீங்க இன்னும் சாப்பிடல. வாங்க" என்று இலை போட்டாள். ஆச்சி சாப்பிட்டார். கவுனி அரிசியை முதலில் ஒதுக்கி வைத்தார். கடைசியில் அதையும் சாப்பிட்டார். தம்பியோடு மட்டும் ஊர் திரும்பும் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. புறப்படுகிற அன்று பெட்டியைக் கட்டும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்தத் துலுக்கப் பொண்ணு கடையில ஒரு அஞ்சு கிலோ வாங்கிட்டு வரச் சொல்லு. ஊர்ல இப்ப நல்ல கவுனி கெடைக்கிறதில்ல" என்றார்.

நாச்சாள் ஆறு கிலோவாகவே வாங்கிக் கொடுத்தாள். இனியாவது இந்தப் பேச்சு முடிந்ததே என்று நினைத்தாள்.

பொங்கலுக்குக் கணவரோடு தேவகோட்டைக்குப் போய்வந்த இந்திரா, வந்ததும் வராததுமாக அம்மாவிடம் சொன்னாள். "அத்தை கவுனி அரிசி செஞ்சு போட்டாங்கம்மா. மலேசியாவுலேர்ந்து வந்ததுன்னு அவங்களே சொன்னாங்க."

"பரவால்லையே!"

"இரும்மா. அந்தக் காலத்துல நம்ம ஆளுங்கதான் கப்பல்ல போயி மலாய்க்காரங்களுக்கு இத வெளைய வைக்கவே கத்துக்குடுத்தாங்களாம். தெருவே கேட்டுட்டு இருக்கு."

முத்துக்கருப்பன் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க!" என்று கத்திவிட்டு நாச்சாள் தேவகோட்டைக்கு டிரங்க்கால் போட்டாள். வெகுநேரம் கழித்து லைன் கிடைத்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் மறுமுனையிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது.

"நாச்சாவா? நல்ல சமயத்துல கூப்பிட்டே. அரிசி தீந்துபோச்சு. யாராச்சும் வந்தா இன்னும் கொஞ்சம் குடுத்து விடு."

நாச்சாள் டெலிபோனை வைத்தாள். அந்த வாரக் கடைசியில் கிள்ளான் பாசாரில் லத்தீஃபாவின் தராசுக்கு முன்னால் முணுமுணுத்துக்கொண்டே நின்றாள்.