மூன்றாவதாக இருந்தது என் பெயர்

2009-ல் கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர்கள் ஆறு பேர் சேர்ந்து, அவசரத்துக்கு ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒன்று வைத்திருந்தோம். பெயர், ரத்த வகை, போன் நம்பர். நோட்டில் கிடந்ததை இணையத்தில் ஏற்றி, ஆறு பேரும் அவரவர் இடத்தில் இருந்தே பார்க்கவும் திருத்தவும் வழி செய்தது நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஒருநாள் காலையில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், பெயர்களை அகர வரிசையில் அடுக்கினேன். பார்க்க நன்றாக இருந்தது.

பதினொரு மணிக்கு, எங்களில் ஒருவரான மருந்துக்கடை அண்ணன் போன் செய்தார். “ஆத்தா, பிரசவமான பொண்ணுக்கு ரத்தம் நிக்கலையாம். ஓ நெகட்டிவ் எங்கனயும் கிடைக்கல. நம்ம பட்டியலப் பாரு.”

மூன்று பேர் இருந்தார்கள். முதல் நம்பரில் பெயரைச் சொல்லிக் கேட்டேன். ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள். இரண்டாவதும் ராங் நம்பர். மூன்றாவதைப் பார்த்தால், என் பெயர். நானோ பி பாசிட்டிவ்!

அப்போதுதான் உறைத்தது. காலையில் நான் அடுக்கியது பெயர்களை மட்டும். ரத்த வகையும் நம்பரும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. அப்படியானால் சரியான ஆட்களைத்தான் கூப்பிட்டிருக்கிறேன், தப்பான பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கிறேன். ஆறு பேர் கை வைக்கும் பட்டியல்தானே, யார் செய்தது என்று யாருக்குத் தெரியும் என்று ஒரு நொடி புத்தி போனதும் உண்மை.

மறுபடி கூப்பிட்டேன். முதல் நம்பர் கிடைக்கவே இல்லை. மூன்றாவது அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. இரண்டாவது ஆள் எடுத்ததும், “அதான் ராங் நம்பர்னு சொன்னேன்ல?” என்று எரிந்து விழுந்தார்.

“வச்சிராதீங்க! உங்களுக்கு ஓ நெகட்டிவா?”

“ஆமா. எந்த ஆஸ்பத்திரி?” என்றார்.

அவர் கொஞ்சம் தள்ளியிருக்கும் கோம்பை ஊரில் இருந்து வரவேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண்ணின் கணவர், “வந்துருவாகளா அக்கா?” என்று என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பெண் செத்துப்போனால் கொன்றது நான்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. தாங்காமல் மருந்துக்கடை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அத அப்பறம் பேசுவோம். இப்ப ரோட்டப் பாரு” என்றார்.

தோட்டத்து மண் ஒட்டிய காலோடு பைக்கில் வந்து இறங்கினார் கோம்பைக்காரர். சாயங்காலம், இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. கிளம்பும்போது கோம்பைக்காரர் என் பக்கம் வந்து, “மொதத் தடவ வெடுக்குன்னு வச்சிட்டேன், மன்னிச்சிருங்கம்மா” என்றார்.

தப்பு செய்தவள் நான், மன்னிப்புக் கேட்டது அவர். இன்றும் பலர் கை வைக்கும் பட்டியல் எதைத் திறந்தாலும், முதலில் என் பெயரைத் தேடி, அதற்கு நேரே என் நம்பர்தான் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.