குறுக்கே நின்ற கிளை

எஸ்டேட் பங்களாவின் முன்வாசல் வழியாக உள்ளே போன முதல் ஆள், எங்கள் குடும்பத்தில் நான்தான். மூன்று கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அப்பாவுக்கு அதே எஸ்டேட்டில் மரக்கிளை கழிக்கிற வேலை. அம்மா காப்பிப் பழம் பறிப்பவள். நான் சேலத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, அங்கேயே ஒரு கடையில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது.

வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்த சின்ன முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "இது ஒழுங்கா ஓடட்டும். எஸ்டேட்ல இருக்கற எல்லா கம்ப்யூட்டரையும் பாத்துக்க ஒரு ஆள் வேணும். நீங்களே இருந்துடலாம்."

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. சேலத்தில் நான் இருந்த ஒற்றை அறையில், ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து திங்கட்கிழமை கடை திறக்கும்வரை வாயைத் திறக்காமலே கழிந்த நாட்கள் பல. படிப்பு என்னை மலையிலிருந்து இறக்கியது, கீழே யாரோடும் சேர்க்கவில்லை.

சேலத்திலிருந்து கிளம்பும்போதே கடைக்காரர் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: "எல்லா பாஸ்வேர்டையும் அவங்க கையில குடுத்துட்டு வந்து நிக்காத. ஒண்ண நீயே வச்சுக்க. அப்பத்தான் உன்னைத் திரும்பக் கூப்பிடுவாங்க."

பங்களாவுக்குள் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களைக் கருப்புக் கேபிளால் இணைத்தேன். சுவர் ஓரமாக ஆணி அடித்து இழுக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாவது, சின்ன முதலாளியின் லேப்டாப். தோட்டத்தைத் தாண்டியிருந்த அவுட்ஹவுஸில் அவர் தங்கியிருந்தார். நடுவில் பாறை, தோண்ட வழியில்லை. அதற்காகவே வயர் இல்லாமல் பேசும் பெட்டி ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். அதுவரை நான் அதைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

பெட்டியைப் பங்களா ஜன்னலில் வைத்துவிட்டு, அவுட்ஹவுஸில் தனியாக உட்கார்ந்தேன். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் 'இருக்கிறாயா' என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. இருந்தால், பதில் நான்கு வரியாக வரும். அந்த நான்கு வரிகள் எனக்குப் பிடிக்கும். கேட்டவுடன் பதில் சொல்ல எனக்கு வேறு யாரும் இருக்கவில்லை. அன்று காலை ஒரு வரி வந்தது, மூன்று வரவில்லை. மதியம் ஒரு தூறல் போட்டது. அதன்பிறகு ஒன்றுகூட வரவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தேன். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு சில்வர் ஓக் மரம். அதன் தாழ்ந்த கிளை ஒன்று ஈர இலைகளோடு சரியாகக் குறுக்கே தொங்கியது.

காப்பிச் செடிக்கு வெளிச்சம் விழ மரம் கழிக்கும் பருவம் அது. சின்ன முதலாளி ஆள் அனுப்பினார். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அப்பா.

மரத்தில் ஏறி, கிளைமேல் கால் வைத்தபடி அப்பா என்னைக் கேட்டார். "ஏனுங்க சார், இந்தக் கெளைங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

கீழே கயிறு பிடித்திருந்தவர் சிரித்தார். "ஏப்பா, பெத்த பையனுக்கே சாரா? ஊட்டுல சோறு போடறப்பவும் 'சாப்புடுங்க சார்'னுதான் சொல்லுவியா?"

"சும்மா கெட. இது வேலை எடம்" என்றார் அப்பா.

கிளை விழுந்தது. நான்கு வரிகளும் வந்தன. அப்பாவிடம் சொல்லத் திரும்பினேன். அவர் அடுத்த மரத்துக்குப் போயிருந்தார்.

கடைசி நாள். வயர் இல்லாத இணைப்பில் ஆபத்து என்னவென்றால், ரோட்டில் நிற்கிறவர்கூட உள்ளே நுழைந்துவிடலாம். அதனால் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் ஒரே ரகசியச் சாவி, ஒரு மாதிரி பாஸ்வேர்ட், கொடுக்க வேண்டும். பாதுகாப்பு விதிகளை ஒரு தாளில் எழுதிச் சின்ன முதலாளியிடம் நீட்டினேன். முதல் விதி: 'சாவி வீட்டார் தவிர யாருக்கும் தெரியக்கூடாது.'

படித்துவிட்டு நிமிர்ந்தார். "இப்ப இருக்கற சாவி உங்களுக்குத் தெரியுமே?"

கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்குத் தெரியாமல் ஒரு பாஸ்வேர்டை வைத்துக்கொள்ள இன்னும் வழி இருந்தது. ஆனால் தாளில் இருந்தது என் கையெழுத்து.

"தெரியுங்க. அதையும் மாத்தணுங்க. எனக்கும் தெரியக்கூடாதுங்க."

எப்படி மாற்றுவது என்று காட்டிவிட்டு எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அடுத்தவர் பாஸ்வேர்ட் அடிக்கும்போது பார்க்கக்கூடாது என்று டிப்ளமோவில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பங்களாவில் பெருக்கப் போகிற நாட்களில், முதலாளியம்மா அலமாரி திறக்கும்போது என் அம்மாவும் இப்படித்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதுகுக்குப் பின்னால் விசைகள் தட்டும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"பிரமாதம்" என்றார் சின்ன முதலாளி. "ஏதாவது கெட்டுப்போச்சுன்னா கட்டாயம் கூப்பிடறோம்." நிரந்தர வேலையைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சேலத்துக்குத் திரும்பிக் காத்திருந்தேன். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. அழைப்பு வரவில்லை. ஆனால் சில்வர் ஓக் வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம். அடுத்த கோடைமழையில் இலை அடர்ந்து ஈரமாகும், பதில் வரிகள் குறையும், கூப்பிடுவார்கள் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

அந்தக் கோடையில் ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா என் பையை வாங்கிக்கொண்டார். தொழிலாளர் லைன் வீட்டுக்கு நடக்கையில் பெருமையாகச் சொன்னார்:

"உன்ற மிசினு சும்மா சூப்பரா ஓடுதாம் சாமி. சின்ன மொதலாளியே சொன்னாரு. யாரும் சொல்லாமயே அந்தக் கெளைய நான் மூணு தரம் கழிச்சுட்டேன். ஒத்த எலை குறுக்க வர உடமாட்டேன், நீ கவலப்படாத."

"சரிங்கப்பா" என்றேன்.