நாலாவது பனை

பேஸ்மென்டில் கிடந்த ஒரு பெட்டியைப் போன கிழமை திறந்தேன். நைலோன் துணியின் வாசம் மூக்கில் ஏறியது. உள்ளே ஒரு மஞ்சள் கொடி, அதில் மூன்று பனைமரம்.

“அப்பா, இது எந்த கன்ட்ரி?” என்றாள் மகள்.

நாடாக இருந்திருந்தால் இவ்வளவு சண்டை வந்திராது. அது எங்கள் ஊர்ச் சங்கத்தின் கொடி. போட்டிக்கு ஆள் இல்லாததால் அதன் கடைசிச் செயலாளர் நான்.

அந்த வாசம் தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் நான் வேலை செய்த கொடித் தொழிற்சாலையின் வாசம். ஒரு நாட்டிலிருந்து ஓடிவந்து, இன்னொரு நாட்டில் இருந்துகொண்டு, மூன்றாவது நாட்டின் கொடியைத் தைத்தோம். தில்லையண்ணை அமெரிக்கக் கோடுகளை இணைப்பார். பக்கத்து மெசினில் யோகண்ணை நட்சத்திரங்களைத் தைப்பார். இருவரும் ஒரே ஊர், ஒரே வகுப்பு, குடியிருந்ததும் மோர்னிங்சைட்டில் ஒரே கட்டடம். ஒருவரின் சாப்பாட்டுப் பெட்டியை மற்றவர் கேளாமலே திறப்பார்.

சங்கத்தைத் தொடங்கியவர்கள் ஊரின் மூன்று குறிச்சிக்காரர், அதாவது மூன்று பகுதி ஆட்கள். அதனால்தான் மூன்று பனை. யோகண்ணையின் குறிச்சி பிந்தித்தான் சேர்ந்தது. தங்களுக்கும் ஒரு பனை வேண்டும் என்று அவர் கேட்டார். “கொடியில கை வைக்கேலாது, யோகன்” என்றுவிட்டார் தலைவர் தில்லையண்ணை.

அந்த நேரம் பார்த்து, பழம்பொருள் வைத்திருக்கும் ஏதோ நூதனசாலையின் கடைக்காகப் பழைய அமெரிக்கக் கொடிகளுக்கு ஓடர் வந்தது. கூட வந்த குறிப்பை முதலாளி வாசித்துச் சொன்னார். முதலில் பதின்மூன்று கோடு, பதின்மூன்று நட்சத்திரம். இரண்டு மாநிலம் சேர்ந்ததும் இரண்டையும் பதினைந்தாக்கினார்களாம். இன்னும் மாநிலங்கள் வர, கோட்டைத் திரும்பப் பதின்மூன்றாக்கிவிட்டு, நட்சத்திரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்களாம்.

யோகண்ணை துள்ளினார். “பார் தில்லை, வந்து சேந்தவனுக்கெல்லாம் நட்சத்திரம் குடுத்திருக்கிறான்!”

“கோட்டைப் பார். தொடங்கினவன் தொடங்கினவன்தான்.”

பெரிய மனிதன் மாதிரி நான் வாயைத் திறந்தேன். “அப்ப பனை மூண்டும் இருக்கட்டும். யோகண்ணையாக்களுக்கு ஒரு நட்சத்திரம் வைப்பம்.”

“நட்சத்திரம் பனைக்கு மேலயோ, கீழயோ?” என்றார் தில்லையண்ணை.

மேலே என்றால் அவருக்கு ஆகாது, கீழே என்றால் யோகண்ணைக்கு ஆகாது. ஐம்பது மாநிலங்களை ஒரு துணியில் அடக்கிய கைகளுக்கு நாலு குறிச்சிக்கு வழி தெரியவில்லை. அமெரிக்காவில் ஆட்கள் சேரச்சேர நட்சத்திரம் கூடியது. எங்களில் ஆட்கள் பிரியப்பிரியச் சங்கம் கூடியது; யோகண்ணையின் குறிச்சி தனிச் சங்கம் தொடங்கியது. யோகண்ணை முதலாளியிடம் கேட்டுச் சுவர்ப்பக்க மெசினுக்கு மாறிப் போனார். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்கள். பார்க்க எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

தொழிற்சாலை கடல் கடந்து போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது கொண்டோ அடுக்குமாடி நிற்கிறது. இரண்டு சங்கமும் ஆளில்லாமல் ஓய்ந்தன. தில்லையண்ணையின் செத்தவீட்டுக்கு நான் இந்தக் கொடியைக் கொண்டுபோனேன். கூப்பிடாமலே யோகண்ணை வந்தார். ஒரு மூலையைப் பிடித்து, என்னோடு சேர்ந்து சவப்பெட்டி மேல் விரித்தார். பிறகு மூன்றாவது பனைக்குப் பக்கத்தில் வெறுமையாய் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

“இவ்வளவு இடம் இருந்திருக்கடா, தில்லை” என்றார்.