மாத்தாள் வந்தாச்சு

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கொன்றும் குறைந்துவிடாது. 1937 கார்த்திகை மாசம், வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில் கொல்லிமலையில் நடந்தது இது. இருட்டில் எதையோ பார்த்துவிட்டு உளறினார் என்கிற சமாதானமெல்லாம் இதில் செல்லாது. அர்த்தனாரி வாத்தியார் தன் வாயாலேயே என்னிடம் சொன்னார். சொல்லி முடிக்கிறவரை அவர் என் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

சேந்தமங்கலத்தில் டிரில் மாஸ்டர் அவர். கிரிக்கெட் பைத்தியம். வாயைத் திறந்தால் வசவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலைக்கு வந்தவர், தினைக்காட்டில் பறக்கிற கிளியை ஒரே கல்லில் அடித்த காத்தானைப் பார்த்தார். அன்றைக்கே பிடித்துக்கொண்டார். முதலில் பள்ளிக்கூடத்துப் பையன்களோடு ஆடவிட்டார். பிறகு காளப்பநாயக்கன்பட்டி டீம், அப்புறம் நாமக்கல் டீம். ஆரம்பத்தில் பந்தைக் கையில் கொடுக்கவே மாட்டார். முதல் பவுலர் களைத்த பிறகுதான் காத்தானை இறக்குவார். எதிராளிக்குக் கண் பழகுவதற்குள் மூன்று விக்கெட் விழுந்திருக்கும். "இவன்தாண்டா என் மாத்தாள்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் மேட்ச். அங்கே காத்தான் நன்றாகப் போட்டால் பெரிய டீமில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் இரண்டு வருஷப் பாடும் மண்ணாய்ப் போச்சு.

மாத்தாள் என்கிற வார்த்தையையே வாத்தியார் மலையில்தான் பிடித்தார். தினைக்காட்டுக் காவலுக்குப் பரணில் ஏறியவன், அடுத்த ஆள் வந்து "மாத்தாள் வந்தாச்சு" என்று சொல்லாமல் கீழே கால் வைக்கமாட்டான். மழையோ காய்ச்சலோ, சோறும் தண்ணியும் மேலேதான்.

திங்கட்கிழமை காவல் முறை காத்தானுடையது. வாத்தியார் விடுவாரா? அவனுடைய அண்ணன் முத்தனைப் பரணில் ஏற்றிவிட்டார். "நாளைக்கே என் ஆள் ஒருத்தனை அனுப்பறேன், அதுவரைக்கும் உக்காரு" என்று சொல்லிவிட்டுத் தம்பியைக் கீழே கூட்டிப் போனார். ஆளை அனுப்பவே இல்லை. நாலு கதிரைக் கிளி தின்றால் குடி முழுகிவிடுமா என்று விட்டுவிட்டார். காத்தானிடம் மட்டும், "ஆள் போயாச்சு கண்ணு, நீ பந்தைப் பாரு" என்று கூசாமல் புளுகினார். அடப்பாவி மனுஷா!

வியாழக்கிழமை ராத்திரி, மிளகு வாங்கப் போய்வந்த ஒருவர் முத்தனுக்குக் கடுங்காய்ச்சல் என்று சேதி சொன்னார். விடிந்து பார்த்தால் காத்தானைக் காணோம். வாத்தியாருக்கு உச்சந்தலை கொதித்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில், வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே மலை ஏறினார்.

மூன்றேகால் மணிக்குத் தினைக்காட்டு ஓரத்துக்கு வந்தார். மஞ்சு இறங்கியிருந்தது. பரண் தூரத்தில் மங்கலாகத் தெரிந்தது.

3.22. விர்ர்ர்... பொத்!

காலுக்கு ஒரு முழம் முன்னால் கல் விழுந்தது.

"டேய் காத்தான்! வாத்தியார்டா!"

விர்ர்ர்... பொத்! அதே குழியில்.

விர்ர்ர்... பொத்! மறுபடி அதே குழி.

கொழுப்பைப் பார் என்று பல்லைக் கடித்தார். அப்புறம்தான் உறைத்தது. கல் இடப்பக்கமிருந்து சரிந்து வருகிறது. காத்தான் வலதுகைக்காரன். முத்தன்தான் இடது கை. "காய்ச்சலாம் காய்ச்சல்! நல்லாத்தானே எறியறான்" என்று முணுமுணுத்தபடி குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

கல் சுட்டது.

அந்தக் குளிரில்... ஈர மண்ணில் விழுந்த கல்... அடுப்பிலிருந்து எடுத்ததுபோல. உதறினார்.

அடுத்த கல் முட்டியை உரசிக்கொண்டு போனது. அதற்கடுத்தது காதோரம். பின்னால் நகர்ந்தார். பின்னாலும் ஒன்று விழுந்தது.

3.45. கல் நின்றது.

பரணிலிருந்து ஒரு குரல். வறண்ட குரல்.

"மாத்தாளா...?"

வாத்தியார் கண்ணை இடுக்கிப் பரணைப் பார்த்தார்.

"மாத்தாளா...?"

பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். கத்திவிட்டார்.

"ஆமாண்டா! மாத்தாள் வந்தாச்சு! நான்தான்! எறங்கித் தொலை!"

கிறீச்...

ஏணி.

கிறீச்... கிறீச்...

மஞ்சு கொஞ்சம் விலகியது. ஏணி தெரிந்தது. படிகள் ஒவ்வொன்றாக அழுந்தி நிமிர்ந்தன.

ஏணியில் ஆள் இல்லை.

தினைத்தாள்கள் விலகின. அவரை நோக்கி.

அனல்...

அவர் தோளை உரசிக்கொண்டு போனது.

ஓடினார். விழுந்தார். எழுந்து ஓடினார்.

4.10. காத்தான் வீடு. வாசலில் கூட்டம். நடுவில் முத்தன், துணி போர்த்திக் கிடந்தான். தலைமாட்டில் அவன் பெண்டாட்டி இருசாயி.

"எப்போ?" என்றார் வாத்தியார்.

"உச்சிப்பொழுதுக்கேங்க. தம்பி வந்து சேரறதுக்குள்ள பரணு மேலயே உசுரு போயிடுச்சு. நாங்கதான் எறக்கித் தூக்கியாந்தோம். கையில எறிகல்லு. எத்தனை பேரு புடிச்சும் வெரலைப் பிரிக்க முடியலீங்க." அவள் அழவில்லை. வாத்தியாரையே பார்த்தாள். "பொணம் இங்க கெடக்குது. காட்டுல கல்லு விழற சத்தம் நிக்கவே இல்லீங்க. சித்த முன்னாடிதான் நின்னுச்சு. நின்னதும் வெரலு தானா விரிஞ்சுது."

"கல்லு?"

"அது கெடக்கட்டுங்க. பொணத்து வாயி பேசுச்சுங்க. 'மாத்தாள் வந்தாச்சு'ன்னு. இத்தனை பேரும் கேட்டாங்க."

அண்ணன் காலடியில் உட்கார்ந்திருந்த காத்தான் தலையைத் தூக்கினான்.

"செவ்வாக்கெழமையே ஆள் அனுப்பிட்டேன்னீங்களே வாத்தியாரே. இன்னிக்குத்தான் வந்தானா? யாருங்க அவன்?"



ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்குக் காத்தான் வரவில்லை. அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவே இல்லை. மறு வாரம் மலையிலிருந்து வந்த ஒருவர் எங்களிடம் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பரணில் இப்போது யாரும் ஏறுவதில்லையாம். மாத்தாள் ஒருத்தர் ஒத்துக்கொண்டாயிற்று, அவர் இருக்கும்போது வேறு ஆள் உட்காரக்கூடாது என்று காலியாகவே விட்டிருக்கிறார்களாம். ஏணியை மட்டும் எடுக்கவில்லையாம், அவர் ஏறி வரணுமே என்று.